உங்கள் தெரு யார் கையில்? செட்டிநாட்டில் உள்ளாட்சி அதிகாரத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது என்று காரைக்குடியில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கவுன்சிலர் என்பார், ஒருவர் லைன்மேன் என்பார், எம்.எல்.ஏ. ஆபீசில் நமக்கு வேண்டப்பட்டவர் இருக்கிறார் என்று மூன்றாவது ஆள் போன் எண்ணைத் தேடுவார், கடைசி ஆள் நேரே கலெக்டருக்கே மனுப் போடச் சொல்வார். எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த விளக்கை மாற்றும் கையெழுத்து யாருடையது என்று சட்டத்தில் ஏற்கனவே எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயம். முடிவு எடுப்பது யார், அந்த முடிவை நிறைவேற்றிக் கையெழுத்துப் போடுவது யார், அந்த இரண்டு பேரையும் மேலே இருந்து தடுக்கக் கூடியவர் யார். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். "தலைவர்" என்ற பட்டம் இருந்தால் கையெழுத்து அதிகாரமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போவதால்தான் நம் ஆட்கள் பலர் தப்பான வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்.

உங்கள் வீடு எதில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள், செட்டிநாட்டில் இது நிஜமாகவே கேட்க வேண்டிய கேள்வி. அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் நான்கு வகை உள்ளாட்சியும் வந்துவிடும். காரைக்குடி 1928இலிருந்து நகராட்சி, 2024இல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சி. டைல்ஸுக்குப் பேர்போன ஆத்தங்குடி ஊராட்சி. இது போதாதென்று செட்டிநாடே சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. ராயவரத்துக்காரர் சிவகங்கை கலெக்டரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை, அவருக்குப் புதுக்கோட்டை.

காரைக்குடியைச் சுற்றி இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாநகராட்சி ஆக்கும்போது பழைய நகராட்சியோடு அக்கம்பக்கத்துப் பேரூராட்சி, ஊராட்சிப் பகுதிகளையும் சேர்த்தார்கள். அதனால் "நாங்க எப்பவும் பஞ்சாயத்துதானே" என்ற நினைப்பை நம்ப வேண்டாம். கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதை எடுத்து மேலே எந்த அமைப்பின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள், வரிவிதிப்பு எண்ணையும் வார்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரசீதாக இருந்தால் இந்த அரையாண்டுக்கு ஆன்லைனில் எந்த அமைப்பு கேட்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இந்த வித்தியாசம் வெறும் போர்டு மாற்றம் இல்லை. ஊராட்சியாக இருக்கும்வரை ஊரக வேலைத் திட்டம் உண்டு, நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்வது. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் அது கிடையாது, வரியும் நகர்ப்புற விகிதத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் எங்கே ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தாலும் முதலில் எதிர்ப்பு வருவது இந்த இரண்டு காரணத்துக்காகத்தான், அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில், "அப்பா, உங்க சிட்டி சார்ட்டர்ல என்ன போட்டிருக்கு, அதைக் காட்டிக் கேளுங்க" என்பார்கள். அங்கே பல நகரங்களுக்குச் சொந்தச் சாசனம் உண்டு. மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரம் 1876இல் தன் சாசனத்தைத் தானே எழுதி வாக்காளர்களிடம் ஒப்புதல் வாங்கியது, பிறகு பல ஊர்கள் அதே வழியில் போயின. மேயரே நிர்வாகத்தை நடத்துவாரா, கவுன்சில் ஒரு மேனேஜரை வைத்து நடத்துமா, எந்த அலுவலரை யார் நீக்கலாம், எல்லாம் அந்தச் சாசனத்தில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு மாற்றலாம்.

நமக்கு அப்படி இல்லை. சாசனம் என்ற பெயரில் வந்தது சென்னைக்கு. முதலாவதை 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. 1688 செப்டம்பர் 29 அன்று ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்) என்று அங்கே மாநகராட்சி தொடங்கியது, நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அது கம்பெனி கொடுத்தது, ஊரார் எழுதிக்கொண்டது இல்லை. கடந்த நூற்றாண்டிலிருந்து எல்லாமே சட்டமன்றம் போட்ட சட்டங்கள்: 1919இல் சென்னை மாநகராட்சிக்கு, 1920இல் மாவட்ட நகராட்சிகளுக்கு, பின்னால் மற்றவற்றுக்கு.

இப்போது உங்களுக்குத் தேவை இரண்டே சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பெயரில்தான் 1998, நடுவில் கிடப்பில் போட்டு, 2023 ஏப்ரலில்தான் புதிய விதிகளோடு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சிக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. இரண்டுக்கும் மேலே அரசியலமைப்பின் 73, 74ஆவது திருத்தங்கள், 1993இல் நடைமுறைக்கு வந்தவை. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம், தனி மாநிலத் தேர்தல் ஆணையம், மன்றத்தைக் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இட ஒதுக்கீடு என்பதும் அங்கிருந்துதான், தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது.

12ஆவது அட்டவணையில் நகரங்களுக்கு 18 பணிகள், 11ஆவதில் ஊராட்சிகளுக்கு 29 என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு "இதெல்லாம் எங்க மேயர் அதிகாரம்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மாநிலச் சட்டமன்றம் இவற்றை ஒப்படைக்கலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தீயணைப்பு அந்த 18இல் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசுத் துறை, காரைக்குடி மேயருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. ஆக, பட்டியலை விட்டுவிட்டு மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

ஊரில் தலைவர் பேனா, நகரத்தில் ஆணையர் பேனா

இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிராம ஊராட்சியில் தலைவரை நீங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள், கட்சிச் சின்னம் கிடையாது. அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதோடு நிற்பதில்லை, நிர்வாக அதிகாரியும் அவர்தான். ஊராட்சிப் பணம் வெளியே போக வேண்டுமானால் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் ஆகாமல் போய்விட்டால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். பைப் ரிப்பேர் பில் மாதக்கணக்கில் தூங்கும். ஊராட்சிச் செயலர் கணக்கு எழுதுகிறவர், நோட்டுப் புத்தகங்கள் அவரிடம் இருக்கும், நிறைய ஊர்களில் விவரம் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். ஆனால் முடிவு எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

நகரத்தில் இது அப்படியே தலைகீழ். நீங்கள் ஓட்டுப் போடுவது உங்கள் வார்டு கவுன்சிலருக்கு மட்டும். மேயரை, நகர்மன்றத் தலைவரை, பேரூராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், 2022 பிப்ரவரி தேர்தலில் நடந்ததும் அதுதான். நிர்வாக அதிகாரி என்பவர் மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நாம் ஈ.ஓ. என்போமே அவர். இவர்களை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் கோபப்பட்டு ஆணையரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மேயர் மன்றக் கூட்டத்தை நடத்துவார், ஓட்டு சமமாகப் பிரிந்தால் அவர் ஓட்டு தீர்மானிக்கும், விவரம் கேட்பார், வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்ப்பார், அழுத்தம் கொடுப்பார். வேலை உத்தரவு, லைசென்ஸ், நோட்டீஸ் எல்லாம் ஆணையர் பெயரில்தான் வெளியே வரும்.

மேயர் பதவி வெறும் அலங்காரம் என்று இதற்கு அர்த்தமில்லை. மன்றம் தீர்மானம் போடாமல் ஆணையர் பெரிய செலவு எதையும் செய்ய முடியாது. பட்ஜெட், வரி விகிதம், பெரிய டெண்டர் எல்லாம் மன்றத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் மன்றத்துக்கு மொத்தமாக இருக்கிறது, அங்கிருக்கும் ஒரு தனி ஆளுக்கு இல்லை. அதனால் புது ரோடு வேண்டும் என்றால் கவுன்சிலரைப் பிடித்து அஜெண்டாவில் ஏற்றச் சொல்லுங்கள். போட்ட ரோட்டில் பள்ளம் என்றால் ஆணையருக்கு எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

குழுக்களையும் மறக்க வேண்டாம். மாநகராட்சியில் சுகாதாரம், கல்வி, நகரமைப்பு, பணிகள், வரிவிதிப்பு என்று நிலைக்குழுக்கள் உண்டு, பொது மன்றத்துக்கு வருவதற்கு முன்னால் பல விஷயம் அங்கே பேசி முடிந்துவிடும். நகராட்சியில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது, வீட்டு வரியை ஏற்றிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

ஊராட்சிக்கு மேலே ஒன்றியம். சாக்கோட்டை, கல்லல் என்று உங்கள் ஒன்றியம் எதுவோ அங்கே இரண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள், ஒருவர் ஒன்றியத்துக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் ஊராட்சி சம்பந்தப்பட்ட புகார் என்றால் இரண்டாமவரைப் பாருங்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே கலெக்டர், அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சித் தலைவர் மீது நடவடிக்கை எடுக்கும் சட்ட அதிகாரம் அவரிடம்.

இவர்கள் யாரிடமும் போகக் கூடாத விஷயங்கள்

பட்டா, சிட்டா, நத்தம் என்றால் வருவாய்த் துறை: வி.ஏ.ஓ., தாசில்தார். ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. கரண்ட் கட் ஆனால் மின்வாரியம், ஆனால் தெருவிளக்குப் பராமரிப்பு உள்ளாட்சி. திருச்சி–ராமேசுவரம் சாலை தேசிய நெடுஞ்சாலை, ஊருக்குள்ளே போகும் சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை, சந்து பொந்தெல்லாம் உள்ளாட்சி. பிறப்பு, இறப்புச் சான்று சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஆத்தங்குடிக்காரருக்கு மதுரை ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தால் பதிவு மதுரையில். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி நிதி இருக்கிறது, அதில் கட்டடமோ ரோடோ கேட்கலாம், ஆனால் ஆணையருக்கு உத்தரவு போடும் இடத்தில் சட்டம் அவரை வைக்கவில்லை.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் சிக்கல். நம் பக்கம் ஊர் முழுக்கக் கண்மாயும் ஊருணியும். கண்மாய்ப் பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊர்ப் பொது ஊருணி உள்ளாட்சியுடையது. ஆனால் பல ஊர்களில் கோயில் ஊருணி, நகரத்தார் வெட்டிய ஊருணி என்று தனிக் கணக்கு இருக்கும், அதைப் பார்ப்பது கோயிலின் காரியக்காரர்கள். தூர்வாரச் சொல்லி மனு எழுதுவதற்கு முன்னால் வி.ஏ.ஓ.விடம் புல எண்ணைச் சொல்லி, கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அரசாங்கத்துக்கு வெளியே இப்படி ஒரு நிர்வாகமும் இங்கே உயிரோடு இருக்கிறது. புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) கணக்குப் பார்த்து வரி போட்டு, முறை வைத்துப் பொறுப்பு மாற்றிக்கொண்டு வந்த சமூகம் இது, ஒரு விதத்தில் சாசனம் என்பதற்கு மாநகராட்சியைவிட அதுதான் கிட்ட வருகிறது. ஆனால் அதற்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட முடியாது!

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு

பங்காளிகள் இருபது பேர், வீடு ஒன்று, வரி ரசீது ஐயா பெயரில், ஐயா போய் நாற்பது வருஷம். செட்டிநாட்டில் இது சர்வசாதாரணம். வரி ரசீதில் பெயர் இருப்பதால் வீடு சொந்தம் என்று ஆகிவிடாது, பெயர் இல்லாததால் பங்கும் போய்விடாது, அது பத்திரத்தையும் வாரிசையும் பொறுத்தது. ஆனாலும் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து வையுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் பழைய பெயருக்கே வரும், வாசலில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நகர்ப்புறத்தில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முடிவதற்குள், அடுத்ததற்கு அக்டோபர் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆன்லைனில் கட்டலாம், ஊராட்சிகளுக்கும் தனி இணையதளம் வந்துவிட்டது. யாராவது ஒரு பங்காளி பொறுப்பெடுத்துக் கட்டிவிட்டுக் குரூப்பில் ரசீதைப் போட்டுவிடுங்கள், கணக்கைப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும்போது பேசிக்கொள்ளலாம்.

சரி, மனு

ஆளின் பெயருக்கு எழுதாதீர்கள், பதவிக்கு எழுதுங்கள்: "ஆணையர், காரைக்குடி மாநகராட்சி", "செயல் அலுவலர், கானாடுகாத்தான் பேரூராட்சி" என்று. மனுவில் வார்டு எண், தெரு, வரிவிதிப்பு எண், என்ன குறை, எப்போதிலிருந்து, இவ்வளவு போதும். மாண்புமிகு, வணக்கத்துக்குரிய என்று அரைப் பக்கம் வேண்டாம். ஒரு மனுவில் ஒரே குறை; நான்கு குறையைச் சேர்த்து எழுதினால் சுகாதாரப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் நடுவில் அது அலையும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுங்கள், அதுவும் கையில் கொடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100இல் பதியலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போகலாம். அங்கேயும் மனுவைத் திரும்ப அதே ஆணையருக்குத்தான் அனுப்புவார்கள், ஆனால் இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும். ஊழல், நிதி முறைகேடு என்றால் அதற்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை. வாக்காளர் எல்லாருமே உறுப்பினர், யார் அழைப்பும் தேவையில்லை. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பலரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், நீங்கள் கடைசி வரை இருங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வாய்வார்த்தையாக "செஞ்சுடலாம்" என்று சொன்னது தீர்மானம் ஆகாது. நகரங்களில் இதே மாதிரி பகுதி சபை, வார்டு குழு என்று 2022இலிருந்து விதிகள் இருக்கின்றன; உங்கள் வார்டில் கூடவே இல்லை என்றால் எப்போது கூடும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தேர்ந்தெடுத்த ஆட்களே இல்லாத காலமும் வரும். சிவகங்கை, புதுக்கோட்டை ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. அந்த மாதிரிக் காலத்தில் பழைய தலைவர் வீட்டு வாசலில் நிற்பது வீண், பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். கிராம சபை மட்டும் அப்போதும் உண்டு, அது கலைவதில்லை.

கடைசி ஆயுதம் ஆர்.டி.ஐ. 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. "ஏன் ரோடு போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்பது தகவல் இல்லை. "இன்ன வார்டு இன்ன தெருவில் கடைசியாக நடந்த சாலைப் பணியின் மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் தரவும்" என்று கேளுங்கள். எம்-புக் என்பது போட்ட வேலையை அளந்து எழுதும் புத்தகம், அதைக் கேட்டாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.